பெரிய வால்வு

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு ஆம்பளைகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், நடுவில் மாட்டிக்கொண்டவள் என்ன பாடு படுவாள் என்பதை மாடலம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஒருவர் கட்டின புருஷன். இன்னொருவன் கூடப் பிறந்த தம்பி. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து இருவரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். குளியலறை விளக்கை அணைக்காமல் வந்துவிட்டான் என்பதைக்கூட, எதிரிலேயே உட்கார்ந்திருந்த தம்பியிடம் சொல்லாமல், “உன் தம்பிகிட்ட சொல்லு” என்று அவளிடம் சொன்னார் கணவர். “அணைச்சாச்சுன்னு மாமாகிட்ட சொல்லுக்கா” என்றான் அவன். அவளுக்கு இருந்த எரிச்சலில் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பாள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாடலம்மா என்பது ஆபீஸில் வைத்த பெயர். ஆலையை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. வெறும் படம் இல்லை அது. உள்ளே தண்ணீர் ஓடும், சூடு ஏறும், பம்பு நின்றால் அதற்குத் தகுந்தபடி எல்லாம் தாறுமாறாகும். அதற்கு மாடல் என்று பெயர். அவள் அம்மா ஒரு தடவை கல்யாண வீட்டில், “என் பொண்ணு பெரிய கம்பெனில மாடல் பண்றா” என்று பெருமையாகச் சொல்லப்போக, கேட்டவர்களின் முகம் போன போக்கைப் பார்த்து அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து மகள் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது அவள் மாடலில் இருப்பது பசை ஆலை. மரப்பலகைகளை ஒட்டும் பசை. கம்பெனியும் பசையுள்ள கம்பெனிதான், அதில் சந்தேகமில்லை. பெரிய கலன் ஒன்றில் சரக்கைப் போட்டுக் கிளறினால் அது தானாகவே சூடேறும். சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் சூடு சூட்டை வளர்க்கும். அப்புறம் பிடித்து நிறுத்த ஆண்டவனாலும் ஆகாது. நிலத்தில் தூண்களுக்குக் குழி தோண்டிக் கம்பி கட்டியாகிவிட்டது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், நாளைக்கு ஆலையை ஓட்டப்போகிறவர்களையே கூப்பிட்டு மாடலை ஓட்ட வைத்து, வடிவமைப்பில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

ஓட்ட வந்தவர்களில் இரண்டு பேர் அவள் வீட்டு ஆட்களாக அமைந்தது அவள் தலையெழுத்து. கணவர் அதே கம்பெனியின் பழைய ஆலையில் பல வருஷம் குழாய்களுக்கு நடுவே நடந்து பழகியவர். புது ஆலையிலும் வெளியே கலன்களுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை அவருக்கு. தம்பி படித்து முடித்து, கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்காரத் தேர்வானவன். மாமாவும் மச்சானும் ஒரே ஷிஃப்ட் என்று தெரிந்த அன்று வீட்டில் ஒரே கும்மாளம். “உள்ள நீ, வெளிய நான். நடுவுல ஒரு பய நுழைய முடியாது மாப்ள” என்று கணவர் அவன் முதுகில் தட்டியது அவளுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் தம்பியை ஒரு அறையிலும் கணவரை இன்னொரு அறையிலும் உட்கார வைத்தார்கள். கணவருக்கு ஒரு தனித் திரை. அதில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பொம்மை ஆள். அவர் நகர்த்தினால் அந்தப் பொம்மை ஆலைக்குள் நடக்கும். இருவருக்கும் நடுவே பேச வாக்கிடாக்கி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மாடலம்மா யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் பம்பை நிறுத்தினாள். வேண்டுமென்றே வினையை இழுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. சூடு ஏறியது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே பொதுக் குழாயில் ஒரு பெரிய வால்வு இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் வெள்ளமாய் வரும். ஆனால் மற்ற கலன்களுக்குப் போகிற தண்ணீர் குறைந்து அங்கே இருக்கிற சரக்கு கெட்டுப்போகும். அதனால் அதைத் திறப்பதா வேண்டாமா என்று ஆள்தான் முடிவு செய்ய வேண்டும் என மாடலில் வைத்திருந்தது. தம்பி கேட்டான், கணவர் சொன்னார், இருவரும் காத்திருந்தார்கள். திரை முழுக்கச் சிவந்தது. கலனின் மூடி பிய்த்துக்கொண்டு போனது.

கம்ப்யூட்டரில்தான் போனது. ஒரு டீ கிளாஸ்கூட உடையவில்லை. ஆனாலும் ஆலைத் தலைவர் துள்ளிக் குதித்தார். எதையும் அவசரம் என்று சொல்லாமல் பேச்சைத் தொடங்காத மனுஷன் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு அவசரம் சார் என்றுதான் பெயர். தப்பு செய்தவன் என் புது ஆலைக்குள் காலை வைக்கக்கூடாது, அவனைக் கிடங்கில் மூட்டை எண்ண அனுப்புகிறேன், திங்கட்கிழமை எனக்கு ஒரே ஒரு பெயர் வேண்டும் என்றார். மாடலம்மா தயங்கித் தயங்கி, இருவரும் தன் வீட்டு ஆட்கள், வேறு யாரையாவது விசாரிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள்.

“இதுல என்னம்மா பிரச்சினை?” என்றார் அவர். “ரெண்டுமே உன் ஆளு. யார் பேரைச் சொன்னாலும் பாரபட்சம்னு எவன் சொல்லப்போறான்?”

அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் அந்த ஒரே வழக்குதான். கணவர் துணி மடித்துக்கொண்டே ஆரம்பிப்பார். நான் தெளிவாக வால்வை விட்டுடு என்று சொன்னேன், அவன் செய்யவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு கனவு கண்டிருக்கிறான் என்பார். தம்பி உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பான். விட்டுடு என்று சொன்னார், விட்டுட்டேன், சொன்னதைச் செய்துவிட்டு நான் ஏன் பழி சுமக்க வேண்டும் என்பான். விட்டிருந்தால் ஏன் வெடித்தது என்று இவர் கேட்பார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்பான் அவன். கேட்கக் கேட்க அவளுக்குத் தலை சுற்றியது. இவர் சொன்னதைத்தான் அவனும் சொல்கிறான், அவன் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார்; அப்படியும் ஒருவரையொருவர் பொய்யர் என்கிறார்கள். யாரோ ஒருவர் புளுகுகிறார் என்று அவளும் முடிவுக்கு வந்துவிட்டாள். எவர் என்றுதான் தெரியவில்லை.

தெரிந்தாலும் என்ன செய்வது? கணவர் பெயரைச் சொன்னால், இத்தனை வருஷ உழைப்பையும் மூட்டைக்கு நடுவே கொண்டுபோய்ப் போடுவாள். அந்த மனுஷர் எதுவும் சொல்ல மாட்டார், அதுதான் பயமே. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். தம்பி பெயரைச் சொன்னால், அப்பா போன பிறகு அவள்தான் கையைப் பிடித்துக் கரையேற்றிய பிள்ளை, முதல் வேலையிலேயே அவள் கையாலேயே கெட்ட பெயர். வீட்டை விட்டுப் போய்விடுவான். இந்த வேலைக்கே வந்திருக்க வேண்டாம், பேசாமல் அம்மா சொன்ன மாதிரி டீச்சராகியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பொறுமை தீர்ந்துபோனது. சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டாள். நிஜ ஆலை வெடித்தால் இன்னொரு தடவை வெடி என்று கேட்க முடியாது, இதைக் கேட்கலாம். ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு அடியாக ஓட்டப்போகிறேன், யார் எப்போது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், அதை அப்படியே மாடலில் போடுகிறேன், எவர் குட்டு உடைகிறது என்று பார்த்துவிடலாம் என்றாள். கணவர் ஒரு கோடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி மறு கோடியில், நாற்காலியை மேஜைக்கு நேராகப் போடாமல் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

முதலில் எல்லாம் சரியாகவே வந்தது. பம்பு நின்றது. சூடு ஏறத் தொடங்கியது. தம்பி மாற்றுப் பம்பைப் போட்டான், அது பிடிக்கவில்லை. கணவர் பொம்மையைக் கலனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தம்பி வாக்கிடாக்கியில், பெரிய வால்வில் கை வைத்திருக்கிறேன், என்ன செய்யட்டும் என்று கேட்டான். இதுவரை இருவருக்கும் தகராறு இல்லை. மாடலம்மா அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தினாள். பெரிய வால்வுக்குப் பக்கத்தில் திரையில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

“இங்க நீங்க என்ன சொன்னீங்க?” என்று கணவரைக் கேட்டாள்.

விட்டுடு என்று சொன்னேன், இன்னும் எத்தனை தடவை சொல்வது என்றார் அவர். விட்டுட்டேன் என்று நானும் எத்தனை தடவை சொல்வது என்றான் தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. அவளுக்கு வந்த கோபத்தில் கட்டத்தில் எதையாவது தட்டிவிடப் போனாள். விரல் அந்தரத்தில் நின்றது. எதைத் தட்டுவது? அந்தக் கட்டம் எண்ணைத் தவிர வேறொன்றையும் வாங்காது. பூஜ்யம் என்றால் வால்வு முழுக்க மூடல். நூறு என்றால் முழுக்கத் திறப்பு. விட்டுடு என்று ஒரு பொத்தான் அதில் கிடையாது.

“இதுல நம்பர்தான் போட முடியும்” என்றாள். “என்ன நம்பர் போடட்டும்?”

“நூறு” என்றார் கணவர்.

“பூஜ்யம்” என்றான் தம்பி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த நாற்காலி மெல்ல மேஜைப் பக்கம் திரும்பியது. கணவர் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பழைய ஆலையில் திற, மூடு என்று எவரும் சொல்வதில்லையாம். இரைச்சலில் நீளமாய்க் கத்தினால் காதில் விழாது என்று, தண்ணீரைப் பிடி, தண்ணீரை விடு என்பதைச் சுருக்கிப் பிடி, விடு என்பார்களாம். பிடி என்றால் மூடு. விடு என்றால் திற. விட்டுடு என்றால் முழுசாகத் திற. கணவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி; வேறு அர்த்தம் உண்டு என்றே தோன்றியிருக்கவில்லை. தம்பி அந்த ஆலைக்குள் போனதே இல்லை. வால்வில் கை வைத்திருக்கிறேன் என்று சொன்னவனிடம் விட்டுடு என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். தொடாதே, சும்மா இரு. அவன் மெளஸிலிருந்து கையையே எடுத்துவிட்டானாம்.

“சூடு ஏறுதுன்னு தெரியுதுல்ல, அப்பவாவது திறந்திருக்கலாம்ல?” என்று அக்கா கேட்டாள்.

“பக்கத்துல நிக்கறவருக்குத் தெரியாதது எனக்கா தெரியப்போகுது?” என்றான் அவன். “மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.”

கணவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: “சொல்லிட்டோம், செஞ்சிருப்பான்னு நானும் அங்கயே நின்னுட்டேன்.”

மாடலம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொன்னது யாருமில்லை. கனவு கண்டதும் யாருமில்லை. ஒருத்தரை ஒருத்தர் நம்பியிருக்கிறார்கள், அந்தப் பாவத்துக்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உயிரை வாங்கியிருக்கிறார்கள். அப்பாடா என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவரும் சிரித்துவிட்டார். “நல்லாப் படிச்சடா தமிழு” என்றார் தம்பியைப் பார்த்து. நேராக அவனிடமே சொன்னார்.

தம்பி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, மூடி பறந்தப்ப மாமா எங்க நின்னாரு?”

வெள்ளிக்கிழமை இதை யாருமே பார்க்கவில்லை. திரை சிவந்ததும் எல்லோரும் சூட்டையும் அழுத்தத்தையும்தான் பார்த்தார்கள். அவள் பூஜ்யம் போட்டுக் கடைசிவரை ஓட்டிவிட்டு, கலன் இருந்த பக்கம் படத்தை நகர்த்தினாள். மஞ்சள் தொப்பிப் பொம்மை கலனுக்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. வால்வு திறந்திருக்கும், சூடு இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்று அளவுமானிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். மூடி பறந்தபோதும் அங்கேதான்.

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி எழுந்தான். கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவர் தோளில் கையை வைத்தவன் அப்படியே குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதுவிட்டான். அவள் தம்பி அழுது அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“டேய், டேய். பொம்மைடா அது” என்றார் கணவர். “நான் முழுசா இங்க உக்காந்திருக்கேன் பாரு. நல்லா கிள்ளிப் பாரு மாப்ள. மெதுவா, மெதுவா.”

திங்கட்கிழமை காலை அவள் அவசரம் சாரின் அறைக்குப் போனபோது அவர் இரண்டு போனில் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. விட்டுடு என்று அவரே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிடிபட்டதும், அவ்வளவுதானே, அந்த வார்த்தையை ஆலைக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு பலகை மாட்டிவிடுகிறேன், காரியம் முடிந்தது என்றார். அவள் விடவில்லை. ஒரு வார்த்தையைத் தடுத்தால் இன்னொரு வார்த்தை வரும், இரைச்சலில் ஒன்று இன்னொன்றாய்க் கேட்கும், வாக்கிடாக்கியில் பேட்டரி தீர்ந்துபோகும். ஒரு மனுஷன் வாயால் சொல்லி இன்னொரு மனுஷன் காதால் கேட்டுத்தான் தண்ணீர் வரும் என்றால் அது ஆலையே இல்லை என்றாள். சூடு ஒரு அளவைத் தாண்டினால் வால்வு யாரையும் கேட்காமல் தானே திறக்க வேண்டும். மற்ற கலன்களுக்குத் தண்ணீர் குறையாமல் இருக்க உயரத்தில் தனியாக ஒரு தொட்டி வேண்டும். பம்பு நின்றாலும், கரண்டே போனாலும் அதிலிருந்து தண்ணீர் தானாய் இறங்கும். அதைத் தாங்கத் தூண் இன்னும் பெரிதாக வேண்டும். கான்கிரீட்டை நிறுத்தி வையுங்கள் என்றாள்.

கான்கிரீட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தேதி போகும், மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டு முடிந்ததும் பழைய இடத்துக்கே வந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு பேர் வேணும்னு சொன்னேனே. யார் தப்பு?”

இரண்டு நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. இப்போது அவளுக்குப் பதில் சொல்லக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை.

“என் பேரைப் போட்டுக்குங்க சார். அந்த வால்வை ஆள் கையில குடுத்து வரைஞ்சது நான்தான். சரக்கு கெடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க, நானும் சரின்னு தலையாட்டினேன். ஆள் கெடுவான்னு நெனச்சுப் பார்க்கல.”

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த குழிகளைப் பார்த்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. “உன்னைக் கிடங்குக்கு அனுப்பினா மாடலை யார் ஓட்டறது, நானா?” என்று முணுமுணுத்தார். தொட்டியைப் போட்டு ஓட்டிக் காட்டு, அவசரம், நாளைக்கே காட்டு என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவளுக்கு இனித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அதே இரண்டு அறைகள், அதே இரண்டு ஆட்கள். இந்தத் தடவை அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என்ன நடந்தாலும் இரண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. தம்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டான். கணவர் பொம்மையைக் கலனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மெளஸைத் தள்ளி வைத்தார். அவசரம் சார் தம்பிக்குப் பின்னால் நின்றார். மாடலம்மா பம்பை நிறுத்தினாள்.

சூடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. தம்பியின் கழுத்தில் வியர்வை வழிவது அவளுக்குத் தெரிந்தது. அவன் சூட்டைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் மஞ்சள் தொப்பி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சூட்டைக் காட்டும் கோடு சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் பெரிய வால்வு தானாகத் திறந்தது. மேலேயிருந்து தண்ணீர் இறங்கியது. கோடு நின்றது. நின்று, யோசித்து, சரிய ஆரம்பித்தது. மற்ற கலன்களில் ஒரு குறையும் இல்லை. அவசரம் சார் பெருமூச்சு விட்டார். வந்த அவசரத்தை மறந்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஓட்டம் முடிந்தது, இனிப் பேசலாம் என்று மாடலம்மா சொன்னாள். தம்பி மடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“மாமா, இருக்கீங்களா?”

பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாகவும் வாக்கிடாக்கி வழியாகவும் ஒரே குரல் இரண்டு தடவை கேட்டது.

“இருக்கேன் மாப்ள. இங்கயேதான் இருக்கேன்.”